ஒரு மாறுகண், இரண்டு ஒப்புதல் தாள்கள்

சென்ற மாதம் தருமபுரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கண் மருத்துவ உதவியாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பள்ளி முகாம்களில் பெற்றோர் ஒப்புதல் வாங்குவது பற்றிப் பேசச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு மைக் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததை நான் விடவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய கதைக்கு வருவதற்குள் பின்வாசல் வழியாகப் பிரியாணி அண்டா உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் எடுபடாது. இப்போதெல்லாம் ஒப்புதல் கேட்டு பெற்றோரின் செல்போனுக்கே செய்தி போகிறதாம், 'சம்மதம்' என்பதை அழுத்தினால் போதுமாம். கையைக் கழுவப் போகும்போது ஒரு பெண் என்னை மறித்து, "அழுத்தலைன்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண் மருத்துவ உதவியாளர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எனக்குக் 'கண்ணு சார்' என்றுதான் பெயர். சேலத்தில் படித்தேன், கண்ணின் படத்தை வரைந்து வரைந்து பென்சில்களைத் தேய்த்தேன், பாஸ் செய்தேன், பாலக்கோடு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூட வராந்தாக்களில்.

பார்ப்பதற்கு எளிமையான வேலை. சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, இருபது அடி அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிள்ளை கோட்டில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் வாசிக்கும். விரல்களால் மூடச் சொன்னால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடும். உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார்கள். அடடா, இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். காற்றடித்து அட்டை கீழே விழுந்தது. கோட்டில் நின்றிருந்த சிறுமி அதற்குப் பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்கள்! அன்றிலிருந்து என் பையில் வேறு வேறு அட்டைகள் வைத்திருப்பேன்.

கண்ணாடி கொடுப்பதானாலும் மேல்சிகிச்சைக்கு அனுப்புவதானாலும் பெற்றோரின் ஒப்புதல் தாள் வேண்டும். தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். மறுநாள் கையெழுத்தோடு திரும்பி வரும். கட்டாகக் கட்டி டாக்டர் மேஜையில் வைத்துவிடுவேன். டாக்டர் செல்வநாயகி எங்கள் நிலையத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், நான் வைத்த கட்டைப் பிரித்து மேஜை முழுக்கச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.

"இந்த வகுப்புல எல்லா அப்பாவும் அண்ணன் தம்பிங்களா சார்?"

குனிந்து பார்த்தேன். எல்லாக் கையெழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் ஒரே மாதிரி வால் நீட்டிக்கொண்டிருந்தது. வகுப்புத் தலைவி போட்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவளாகச் செய்த உபகாரம்.

டாக்டர் திட்டவில்லை. அவர் திட்டி நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் குரலை இன்னும் இறக்குவார், நாம் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கும் பக்கத்தில் போனேன். "இனிமே தாள அனுப்பாதீங்க சார். ஆளக் கூப்பிடுங்க" என்றார்.

அவருடைய முறையை நான் பல வருடம் கிட்ட இருந்து பார்த்தேன். பெற்றோர் வந்ததும் முதலில் நாற்காலி. அவர்கள் உட்காரும்வரை அவரும் உட்கார மாட்டார். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் டாக்டர் முன்னால் உட்காரத் தயங்கி நிற்பார்கள். இவரும் நிற்பார். யாருக்கு முதலில் கால் வலிக்கிறது என்று போட்டி நடப்பது போல இருக்கும். எப்போதும் டாக்டர்தான் ஜெயிப்பார். பிறகு என்ன செய்யப் போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்னென்ன சிரமம் வரும் என்று பேச்சுவாக்கில் சொல்வார். முடித்ததும், "நான் சொன்னத நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்பார். தப்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியாக ஒரு கேள்வி: "வேணாம்னு தோணுதுங்களா? தோணினா சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல." இதற்கெல்லாம் பதில் வரும்வரை பேனா அவர் கைக்குள்ளேயே இருக்கும்.

அந்தக் கடைசிக் கேள்வி வந்தாலே, ஆள் எழுந்து போய்விடுவாரோ என்று நான் வாசலைப் பார்ப்பேன். அலைந்து திரிந்து ஆளைக் கூட்டி வந்தவன் நான். "நாமளே எதுக்கு மேடம் எடுத்துக் குடுக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"வேணாம்னு சொல்ல வழியே இல்லைன்னா, அவங்க சரின்னு சொன்னதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார்.

உண்மையிலேயே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. காரிமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவர், மகனுக்குக் கண்ணாடி கூடவே கூடாது என்று நின்றார். "சின்ன வயசுல போட்டா கண்ணு இன்னுங் கெட்டுப்பூடுங்க. எங்க வம்சத்துலயே யாரும் போட்டதில்ல." டாக்டர் வாதாடவில்லை. பையனுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று அவரையே பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். பையன் திணறிய அதே வரியில் அப்பாவும் திணறினார். "எழுத்து அழிஞ்சிருக்குதுங்க, வேற அட்டை மாத்துங்க" என்றார். சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டேன். அட்டையைப் பார்த்தார். அப்படியே திரும்பி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். "பஸ்ஸு போர்டு இங்கிருந்தே தெரியுதுங்களே!" என்று கத்தினார். அந்த வீட்டுக்கு இரண்டு கண்ணாடிகள் போயின.

இப்படி மாட்டேன் என்ற பெற்றோரைச் சமாளித்துப் பழகிய எனக்கு, சரி என்று சொன்ன பெற்றோரால் ஒரு சிக்கல் வந்தது.

பவித்ரா ஒன்பதாம் வகுப்பு மாணவி. மாறுகண். ஒரு கண் நம்மைப் பார்த்தால் மற்றது வெளிப்பக்கமாக விலகி நிற்கும். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு கண்ணும் கடைசி வரியை வாசித்தன. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கண் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் கண்கள் நேராகும், இரண்டும் சேர்ந்து வேலை செய்யப் பழகவும் வாய்ப்பு உண்டு, ஆனால் உடனே ஓடிவந்து செய்ய வேண்டிய அவசரம் இல்லை என்று எழுதி அனுப்பினார்.

அவள் அப்பா முனிராஜுக்குப் பாலக்கோடு தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலை. அங்கேயே போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பழத்தைப் பார்க்காமலே தொட்டுப் பார்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"கையெழுத்துதானுங்களே? எங்க போடணும் சொல்லுங்க, இப்பவே போடறங்க" என்று தக்காளிச் சாறு வழிய வழியக் கையை நீட்டினார். டாக்டர் முன்னால் வந்துதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமாக ஓர் அப்பா கிடைத்ததே இல்லை.

பள்ளிக்குப் போய் பவித்ராவிடம் சொன்னேன். "எனக்கு வேணாங்க சார்" என்றாள்.

"ஏம்மா, பயமா?"

"பயமெல்லாம் இல்லிங்க சார். கண்ணு நேராயிட்டா நான் எப்புடி ரெய்டு போறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற விளையாட்டு டீச்சர் கலைச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பள்ளிக் கபடிக் குழுவில் எதிரணிக்குள் பாடிப் போகிறவள் பவித்ராதான். எந்தப் பக்கம் கை வரும் என்பதை எதிரணிப் பெண்கள் கண்ணைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். இவள் கண்ணைப் பார்த்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். இடது ஓரத்தில் நிற்பவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று பின்வாங்குவாள். வலது ஓரத்தில் நிற்பவள் தொடப்பட்டு வெளியே போவாள். "போன தடவ ஒரு பொண்ணு நடுவர்கிட்டயே போயிட்டா சார், 'இவ எங்க பாக்குறான்னே தெரியல, இது ஃபவுலு'ன்னு" என்றார் டீச்சர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அடுத்து மாவட்டப் போட்டி வருகிறது. தருமபுரியில் ஒரு ராத்திரி தங்கி ஆட வேண்டும். அதற்கும் ஓர் ஒப்புதல் தாள் உண்டு. அதில் கையெழுத்துப் போட முனிராஜ் மறுத்துவிட்டாராம். நீங்களாவது பேசிப் பாருங்கள் என்று டீச்சர் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். ஆக, ஆஸ்பத்திரித் தாளுக்கு அப்பா தயார், மகள் தயாரில்லை. கபடித் தாளுக்கு மகள் தயார், அப்பா தயாரில்லை. இரண்டும் என் பைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

டாக்டரிடம் வந்து, "பெத்தவரு சம்மதிச்சிட்டாரு மேடம். சின்னப் பொண்ணு, அட்மிட் பண்ணினா சரியாப் போயிடும்" என்றேன்.

அவர் குரலை இறக்கினார். நான் பக்கத்தில் போனேன். "கண்ணு அவளுது சார். அம்மா, அப்பா, பொண்ணு மூணு பேரையும் வரச் சொல்லுங்க."

ஒரு மத்தியானம், நோயாளிகள் கூட்டம் கலைந்த பிறகு, மூவரும் வந்தார்கள். அம்மா ரத்னம்மா கர்நாடகப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் முதலில் பவித்ராவைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார்.

"அவளுக்கு என்னாங்க தெரியும், நான் சொல்றங்க" என்று முனிராஜ் குறுக்கே வந்தார்.

"உங்களையும் கேப்பங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பவித்ரா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "எனக்குக் கபடி தெரியாது. எப்படிப் போவேன்னு காட்டு" என்றார். எடை பார்க்கும் மிஷினுக்கும் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இடம் ஒதுக்கினோம். நானும் முனிராஜும் எதிரணி. பவித்ரா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கபடி கபடி என்று பாடியபடி வந்தாள். அவள் கண் அப்பா மேல்தான் இருந்தது. சந்தேகமே இல்லை. முனிராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் தைரியமாக நின்றேன். அடுத்த நொடி என் முழங்காலில் பளார் என்று ஒரு தட்டு.

"சார் அவுட்டு!"

டாக்டர் செல்வநாயகி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சிரித்து முடித்துவிட்டு முனிராஜிடம் சொன்னார்: "அவ சொல்றது விளையாட்டுப் பேச்சில்லைங்க. கண்ணு வெளிப்பக்கம் விலகி இருந்தா பக்கவாட்டுல கொஞ்சம் கூடவே தெரியும். நேராக்கினா அது குறையலாம். நல்லதும் இருக்குது. ரெண்டு கண்ணும் சேந்து பாக்கப் பழகிச்சுன்னா தூரம், கிட்டம் தெளிவாத் தெரியும். ஆனா ஆபரேஷன் முடிஞ்சா சில வாரம் ஆட முடியாது. இந்தப் போட்டி போயிடும். எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும்."

முனிராஜ் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னார். "மண்டியில ஒருத்தன், எங்கூட வேல செய்யறவன், எம் பொண்ண ஒன்றரக் கண்ணுன்னு சொன்னானுங்க. அவளுக்குப் பேரே இல்லாத மாதிரி. அந்தப் பேரு போவணுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாங்க."

பவித்ரா அப்பாவைப் பார்த்தாள். "என்னையுந்தாம்ப்பா இஸ்கூல்ல அப்புடிக் கூப்புட்டாங்க. கபடியில சேந்தப்பறம் யாரும் கூப்புடறதில்ல."

டாக்டர் தன் வழக்கமான கேள்வியை அவளிடம் கேட்டார். "ஆபரேஷன் வேணாம்னு தோணுதாம்மா?"

"இப்ப வேணாங்க. போட்டி முடியட்டும், அப்பறம் யோசிக்கறங்க."

"அதெல்லாஞ் சரிங்க, வெளியூர்ல ராத்தங்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டன்" என்றார் முனிராஜ்.

அதுவரை வாயே திறக்காத ரத்னம்மா மேஜை மேலிருந்த கபடித் தாளை எடுத்தார். "இதுல அப்பாதான் கையெழுத்துப் போடணும்னு இருக்குதுங்களா?"

வாங்கிப் படித்தேன். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று இருந்தது.

"நானும் பெத்தவதானுங்களே?"

டாக்டர் பேனாவை உடனே கொடுத்துவிடவில்லை. "எதுக்குப் போடறீங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார். ரத்னம்மா சொன்னார். எந்த மைதானம், எந்தப் பள்ளியில் தங்கப் போகிறார்கள், கூட யார் யார் டீச்சர்கள், அடிபட்டால் யார் பொறுப்பு, திரும்பி வருவது எப்போது. எல்லாவற்றையும் ஏற்கெனவே கலைச்செல்வி டீச்சரிடம் போய் விசாரித்து வைத்திருக்கிறார். முனிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ரீ, சும்னிரி" என்றார் ரத்னம்மா, கன்னடத்தில். ஏங்க, பேசாமல் இருங்க என்று அர்த்தம். முனிராஜ் பேசாமல் இருந்தார்.

பேனா கை மாறியது. ரத்னம்மா கன்னடத்தில்தான் கையெழுத்துப் போட்டார். முனிராஜ் எட்டிப் பார்த்து, "என்னாது இது, ஜிலேபியாட்டம்?" என்றார்.

"எம் பேருதான். இத்தினி வருசமா நீங்க பாத்ததில்ல" என்றார் ரத்னம்மா.

மறுநாள் தலைமையாசிரியை, கன்னடக் கையெழுத்து செல்லுமா என்று போன் செய்தார். கையெழுத்து எந்த எழுத்தில் இருந்தாலும் கையெழுத்துதான் என்று சொல்லி டாக்டர் போனை வைத்தார்.

போட்டிக்கு நானும் தருமபுரி போயிருந்தேன். முனிராஜ் வரவில்லை. மண்டியிலிருந்து எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். "கை காலு நல்லாருக்குதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். அரையிறுதி நடக்கும்போது, "எவ்ளோ பாயிண்ட்டுங்க?" என்று கேட்டார். அதன் பிறகு போனை வைக்கவே இல்லை. நான் காதில் போனோடு நேர்முக வர்ணனை செய்தேன். பின்னணியில் மண்டிக்காரர்கள் கூச்சல் போடுவது கேட்டது. ஒன்றரைக் கண் என்று சொன்னவனும் அதில் இருந்தானா என்று நான் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். எதிரணியின் பயிற்சியாளர் ஒரு சின்ன உருவம், கழுத்தில் விசில். முதல் பாதி முழுக்கக் கண்ணிமைக்காமல் பவித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்து தன் அணிப் பெண்கள் களத்துக்குள் போகும்போது கத்தினார்: "மூஞ்சியப் பாக்காதீங்கடி! காலப் பாருங்க!" அதற்குப் பிறகு பவித்ரா போன ஒவ்வொரு ரெய்டிலும் மாட்டிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"போச்சுங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி இந்தக் கண்ண வெச்சுப் பொழப்பு ஓடாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கால் வேல கத்துக்கணும். அதுக்குத் தூரம், கிட்டம் நல்லாத் தெரிஞ்சா நல்லதுதானுங்களே? ஆபரேசன் பண்ணிக்கறங்க" என்றாள்.

பள்ளி விடுமுறையில் நாள் குறித்தார்கள். நானும் கூடப் போனேன். தருமபுரி ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் மூவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். முனிராஜ் அவராகவே திருப்பிச் சொல்லிக் காட்டினார். எங்கள் டாக்டரிடம் பழகியிருந்தார். தமிழில் ஒரு கையெழுத்து, கன்னடத்தில் ஒரு கையெழுத்து விழுந்தது.

"நான் எங்கங்க போடறது?" என்றாள் பவித்ரா.

"உனக்குப் பதினெட்டு வயசு ஆகலம்மா. அம்மா அப்பா போட்டாப் போதும்."

"கண்ணு என்னுதுங்களே?"

கண் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கள் மேடத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தத் தாளின் அடியில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். பவித்ரா உடனே போட்டுவிடவில்லை. தாளை முதல் வரியிலிருந்து உதடு அசைய வாசித்தாள். 'தற்காலிகம்' என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு முழுப் பெயரையும் எழுதினாள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் நேராக இருந்தன. ரத்னம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பவித்ரா அப்பாவைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ப்பா, நீ ரெண்டாத் தெரியற."

முனிராஜ் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நல்லா இருந்த கண்ண நானே கையெழுத்துப் போட்டுக் கெடுத்துப்புட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். சில நாட்களுக்கு இரண்டாகத் தெரியலாம், போகப் போகச் சரியாகிவிடும் என்று கண் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முனிராஜே அதைத் திருப்பிச் சொன்னவர். அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் நினைவில்லை. நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பவித்ரா கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். முதல் தடவை காற்றில் போனது. இரண்டாவது தடவை பிடித்துவிட்டாள்.

"எதுக்குப்பா அழுவற? நீ மட்டுமா போட்ட? நானுந்தான் போட்டிருக்கறன். கொஞ்ச நாளைக்கு ரெண்டாத் தெரியும்னு அதுலயே எழுதியிருந்துச்சு. படிச்சிட்டுத்தான் போட்டன்."

முனிராஜ் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்த அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "என்னா சாப்புடற?" என்று கேட்டார்.

"ரெண்டு இட்லி போதும்ப்பா. நாலாத் தெரியும்."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். முனிராஜ் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினார். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது பவித்ராவின் கண்ணுக்கு அவர் ஒருவராகிவிட்டிருந்தார்.